நீலமாகத் தெரிந்த தண்ணீர்

27 அக்., திங்கள்
காலை வெயில். பயிற்சியில் விமானத்தை இறக்கியது ஆறு தடவை, உருப்படியாக இரண்டு. நாளை முதன்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும்.

மாலை மெக்கானிக் மாணிக்கம் அண்ணன் இறக்கைத் தொட்டியில் எரிபொருள் எண்ணெய் நிரப்பி, மூடி திருகி, புத்தகத்தில் கையெழுத்து. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். இவ்வளவு வேகமா? கேட்டேன். "நான் பாத்தாச்சுல்லா மக்ளே" என்றார். நம்பவில்லை. அவர் சாயா குடிக்கப் போனதும் ஏணி போட்டு இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து அளந்தேன். அளவு சரி. அவர் வருவதற்குள் அவசரமாக மூடி இறங்கினேன்.

ஷெட்டில் இடமில்லை, விமானம் வெளியே. ஏழு மணிக்கு இடியோடு மழை.

28, செவ்வாய்
மழை விட்டு, கழுவிவிட்ட வானம். இறக்கைக்கு அடியில் உள்ள குழாயைத் திறந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும், நடுவே கோடு தெரியும். கோடு இல்லை. வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். நீலம். எங்கள் எண்ணெயும் நீலம்தான். சரிபார்ப்புப் பட்டியலில் டிக் போட்டேன்.

பயிற்சி தரும் கேப்டன் வந்தார். "மணத்து நோக்கியோ?"
முகர்ந்தேன். வாசனையே இல்லை. குவளைக்குப் பின்னால் தன் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்தார். நிறமும் இல்லை. குவளை முழுக்க மழைத்தண்ணீர். நான் பார்த்த நீலம் வானத்துடையது.

அப்படியே கிளம்பியிருந்தால் சங்குமுகம் கடலுக்கு மேலே எஞ்சின் நின்றிருக்கும்.

மூடி கோணலாக இருந்தது. புத்தகத்தில் கடைசிக் கையெழுத்து மாணிக்கம் அண்ணனுடையது. "நல்லா முறுக்கித்தான் வச்சேன் சார்." கேப்டன் கேட்கவில்லை. நாளை முதல் வேலைக்கு வர வேண்டாமாம்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை.

29, புதன்
அண்ணன் வரவில்லை. ஆரியசாலைக் கடையிலிருந்து அப்பா போன். "தனியா பறந்தாச்சா?" "மழைப்பா" என்றேன். நல்ல வெயில்.

யாராக இருக்கும்?
– ராத்திரி வாட்ச்மேன்
– மூடியின் பழைய ரப்பர்
– எண்ணெய் லாரியிலேயே தண்ணீர்?
இன்னொரு பெயரும் எழுத வேண்டும். எழுதவில்லை. கேவலமாக இருக்கிறது.

30, வியாழன்
மூடியைத் திறந்தது நான்தான் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். எதற்குத் திறந்தாய் என்று கேட்டார்.
"அண்ணன் சரியாப் பாத்திருக்க மாட்டாருன்னு நெனச்சேன் சார்."
சம்பளப் பாக்கி வாங்க வந்த அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு இந்த மாதம் தனிப் பறப்பு இல்லை, அடுத்த மாதமும் சந்தேகம்தான்.

மாலை அவர் முன்னாலேயே அளந்து, மூடி திருகி இறங்கினேன். அவர் ஏணியில் ஏறி, நான் மூடியதை மறுபடி திருகிப் பார்த்தார்.
"தப்பா நெனைக்காத மக்ளே. இப்பம் எனக்கும் பயம்."
சரிண்ணே என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன்.