அறுக்காத ஒயர்

மார்ச் 4
டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் எகிறினால் காப்பாற்றும் என்று மகன் வாங்கி மாட்டிய பிளக் பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றிக் கம்பெனியிலிருந்து கடிதம். உள்ளே ஏதோ சூடாகித் தீப்பிடிக்கிறதாம். உடனே கழற்ற வேண்டும். ஒயரை அறுத்து, அறுத்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினால் புதுசு வரும். "குடுங்க அத்தை, நான் பார்க்கறேன்" என்றாள் மருமகள். நான் ஐந்தாம் வகுப்பு பாஸ். ஒரு கடிதத்துக்கு இன்னொருத்தி கண் எதற்கு?

மார்ச் 5
கத்திரியை எடுத்தேன், மனசு வரவில்லை. இரண்டு வருஷம் முணுமுணுக்காமல் உழைத்த பெட்டி. கம்பெனிக்காரன் தன் தலை தப்ப ஆயிரம் சொல்வான். பழைய மிக்ஸியின் ஒயரை நறுக்கிப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். பெட்டியின் ஒயரைச் சுருட்டி அடியில் ஒளித்தேன். போட்டோ அச்சாக வந்தது, கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்! பேத்தியிடம் காட்டினால், "பாட்டி, நீ பக்காத் திருடி" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 6
பெட்டியைக் கீழ்வீட்டுத் தையல்காரிக்குக் கொடுத்தேன். பாவம், மிஷினையும் இஸ்திரியையும் ஃபேனையும் ஒரே பிளக்கில் மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தாள்.
"ஐயோ, இவ்ளோ நல்லதை எனக்காம்மா?"
"வெச்சுக்கோடி. எங்களுக்குப் புதுசு வருது."
கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்த பெருமை போய்விடுமே.

மார்ச் 19
புதுசு வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ஏப்ரல் 2
மத்தியானம் கீழே புகை. தையல்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். ஓடி வந்து, ஊரார் தைக்கக் கொடுத்த துணியை எல்லாம் தீயிலிருந்து அள்ளியிருக்கிறாள். இரண்டு கையும் — எழுத முடியவில்லை. மகன் மெயினை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் வாசலில் நின்றேன். சுவரில் கரி அந்தப் பெட்டியிலிருந்துதான் மேலே ஏறியிருந்தது. பெட்டி உருகிக் கிடந்தது. அதைப் பற்றிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 3
சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 5
ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. "நான்தாம்மா இஸ்திரியை அணைக்காமப் போயிட்டேன் போல. அணைச்ச மாதிரிதான் ஞாபகம்... என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அழுகிறாள். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். டம்ளரை அவள் வாயில் வைத்தேன். "நீங்க இல்லாட்டி எனக்கு யாரும்மா இருக்கா?" சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "குடி" என்றுதான் வந்தது.

ஏப்ரல் 6
ஏன் சொல்லலை? சொல்லேன்டி கிழவி! அவ கை வெந்து கிடக்கு, உனக்கு மருமக முன்னாடி மானம் போகாம இருக்கறதுதான் பெருசாப் போச்சா?

ஏப்ரல் 9
காலையில் கடிதத்தை மருமகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். ஒயரை அறுக்கும் இடம் வந்ததும், "கீழே குடுத்த பெட்டியா அத்தை?" என்றாள். மகன் என்னைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனான். ஆஸ்பத்திரியில் நானே சொன்னேன்.
தையல்காரி கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். "அப்ப நான் இஸ்திரியை அணைச்சுட்டுத்தான் போயிருக்கேன்" என்றாள். இரண்டு மூன்று தரம் அதையே சொன்னாள். பிறகு, "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"
தலையாட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 10
சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எங்கே இறங்கியது?

ஜூன் 14
வீட்டுக்காரர் அவளை இருக்க விட்டுவிட்டார். அவள் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. கீழே மிஷின் சத்தம் இல்லை. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காதாம். மருமகள் சமைத்தது என்றால்தான் சாப்பாட்டை வாங்குகிறாள்.
இன்று படியில் எதிரே வந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.
"கீழ்ப்படி ஈரமா இருக்கு, பார்த்துப் போங்க" என்றாள்.
தெருவில் போகிற எந்தக் கிழவிக்கும் சொல்லுகிற குரல்.