மெக்கானிக் அண்ணன் தலைக்கு மேல் ஓட்டை

அன்புள்ள அம்மாவுக்கு உன் வாலில்லாக் குரங்கு எழுதுவது. நான் நலம். பற்களில் முப்பத்தொன்றும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

முதலாளி புதிதாக வாங்கிய பாய்மரப் படகு அவருக்குத்தான் புதிது. மூன்று வாரமாக ஒழுகுகிறது, ஓட்டை மட்டும் அகப்படவில்லை. தளத்தில் சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார். நீலச் சாயம்தான் கொடுத்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்பைக் கரைத்து ஊற்றினேன். கீழே மெக்கானிக் அண்ணன் தூங்குவது தெரியும். சரியாக அவர் முகத்தில் சொட்டும் என்று நான் ஜோசியமா பார்த்தேன்?

மண்டை உடைந்துவிட்டதாக அலறிக்கொண்டு மேலே வந்தவர், என் வாளியைப் பார்த்தார். வாயிலேயே ஒரு குத்து. பாய்மரத்தில் மோதி விழுந்தேன். "சிரிடா! இப்பச் சிரிடா!" என்று வயிற்றில் உதைத்தார். பிறகு ஸ்பேனரை ஓங்கினார்.

"அண்ணே, ஓட்டை கிடைச்சிருச்சுண்ணே! உங்க தலைக்கு நேர் மேலதாண்ணே!"

ஓங்கிய கை நின்றது. கீழே விழுந்து கிடந்த என் பல்லையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் அழுதார். இருவருமாக ஓட்டையை அடைத்தோம். இப்போது ஒரு சொட்டு இல்லை.

அப்பாவிடம் படகு பற்றி மட்டும் சொல். என் தலையணை உறை சிவப்பாகிவிட்டது, பாதி சாயம்தான். உன்னுடையதில் ஒன்று அனுப்பு. துவைத்து அனுப்பாதே, இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

முதலாளி கத்துகிறார், ஓடுகிறேன்.

உன் பொக்கைவாயன்