பாகற்கொடியில் பேஸ் கம்பிகள்

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை. கிட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை. ஜீவனஹள்ளியில் பிரான்சிஸின் ஸ்டுடியோ: மாடியில் ஒரே அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை. டப் கேசட் செய்கிறார். பாட்டைக் குறைத்து, டிரம்ஸையும் கீழ்ச்சுரம் ஒலிக்கும் பேஸ் கிட்டாரையும் முன்னால் நிறுத்தி, மற்றதையெல்லாம் எதிரொலியில் கரையவிடும் இசை. சர்ச்சில் நான் பேஸ் வாசித்ததைக் கேட்டுத்தான் கூப்பிட்டாராம். நம்ப முடியவில்லை. திருப்பிக் கேட்கவும் கூச்சம்.

மரியாதைக்காகச் சனிக்கிழமையே புதுக் கம்பிகள் மாட்டியிருந்தேன். பண்டிகைக்குப் புதுச்சட்டை போல.

வாசித்தேன். போட்டுக் கேட்டோம். தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அங்கிள். கணகணன்னு மணி அடிக்கிற மாதிரி இருக்குது. எனக்கு வயித்துல வந்து இடிக்கணும்."

சர்ச்சில் கேட்ட சத்தம் எங்கே என்றார். தெரியவில்லை. வியாழனன்று இன்னொரு முறை. சரிவராவிட்டால் பேஸைக் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வாராம். பரவாயில்லை என்றேன். வழியெல்லாம் மனசு கனத்தது.

ஜூன் 9, செவ்வாய்

தூக்கமில்லை. ஒவ்வொன்றாகச் சோதனை. ஒயர் சரி. ஆம்ப் சரி. கீச்சொலியைக் கூட்டும் டிரெபிள் குமிழ் பூஜ்யத்தில். விரல், சந்தேகம். காது, பெரிய சந்தேகம்.

ரசத்தில் உப்பு தூக்கல். சொல்லவில்லை.

மனைவி எஸ்தர் அவரைக்காய் நறுக்கியபடி நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சர்ச்ல இப்படியா இருந்துச்சு? யாரோ தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்குதுங்க. புதுசா என்னத்த மாட்டினீங்க?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழைய கம்பிகள்! மகள் கல்யாணத்துக்கும் முன்னால் மாட்டியவை. வியர்வையும் அழுக்கும் ஏறி, மினுக்கெல்லாம் அடங்கி, உம்மென்று ஒலிப்பவை. அந்தச் சத்தத்தைத்தான் பிரான்சிஸ் கேட்கிறார். சுத்தம் செய்வதாக நினைத்து அதைத்தான் கழற்றிவிட்டிருக்கிறேன்.

கம்பிகள் எங்கே? மொட்டைமாடியில், பாகற்கொடியைக் கட்ட எஸ்தர் எடுத்துக்கொண்டாளாம்.

இருவரும் தூறலில் போய் அவிழ்த்தோம். மெல்லிய இரண்டும் வளைந்து வீண். தடித்த இரண்டும் பிழைத்தன. இந்த இசைக்கு அந்த இரண்டே போதும். பதிலுக்குப் புதுசில் தடித்த இரண்டைக் கொடிக்குக் கொடுத்தேன்.

"நீங்க நடந்து வந்தா பூனைக்குக்கூடக் கேக்காது. உங்களுக்கு எதுக்குங்க இந்த இடிமுழக்கம்?"

சிரித்தாள். ஆனால் முடிச்சுகளையெல்லாம் பொறுமையாக அவிழ்த்தது அவள்தான்.

ஜூன் 11, வியாழன்

வெயில். கம்பியில் ஒட்டிய இலைத்துணுக்கை மட்டும் எடுத்தேன், துடைக்கவில்லை. அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒரு துண்டு, ஒலி நீளாமலிருக்க. விரல்நுனி வேண்டாம், கட்டைவிரல்.

ஸ்டுடியோவில் முதல் சுரத்திலேயே மேஜைமேல் டீ கிளாஸ் நடுங்கியது. பிரான்சிஸ் ரெக்கார்டிங் அளவை ஏற்றினார். மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டது. பதறிக் கையை எடுத்துவிட்டேன்.

"தொடட்டும் விடுங்க அங்கிள். டேப் கொஞ்சம் சூடானாத்தான் சத்தம் இனிக்கும்."

மறுபடி வாசித்தேன். முள்ளைப் பார்க்கவில்லை. கீபோர்டு பேச்சே எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

ஜூன் 13, சனி

ஸ்டுடியோவில் மிக்ஸிங், பதிந்ததையெல்லாம் ஒன்றுசேர்க்கும் வேலை. காலால் உதைத்து அடிக்கும் பெரிய டிரம்மும் என் கீழ்ச்சுரமும் ஒன்றையொன்று முட்டின. டிரம்மின் கனத்தைக் கொஞ்சம் குறைத்ததும் இரண்டுக்கும் இடம். பிறகு பிரான்சிஸ் கிட்டார், ஆர்கன், பாட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சட்டென நிறுத்திவிட்டார். பேஸ் மட்டும் தனியாக.

கூடவே வேறு ஏதாவது இருக்கட்டுமே என்றேன். மறைந்துகொள்ள இடமில்லை.

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார்.

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் குடை போயிற்று.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, எஸ்தர் சமையலில் இருக்கும்போது பிரான்சிஸ் கொடுத்த கேசட்டைப் போட்டேன். வழக்கமாக வைக்கும் அளவுதான். பிறகு இன்னும் கொஞ்சம். அந்தத் தனி இடம் வந்தது. அலமாரித் தட்டுகள் மெல்ல அதிர்ந்தன. தேவனுக்கு ஸ்தோத்திரம். பிரான்சிஸுக்கும். பாகற்கொடிக்கும்.

எஸ்தர் கரண்டியோடு வெளியே வந்து மேலே பார்த்தாள்.

"மாடியில யாருங்க நடக்கறது?"

"நான்தான்" என்றேன்.