கிணற்றுக்கட்டு உயர வேண்டும்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் எங்கடை மகள் ருஷ்தாவும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். நான் சுகம். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன். அதனால் இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்து, லீவில் எங்கடை சோனகத்தெருவுக்கு வரும் சல்மாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று நான் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் சின்ன மகன் நீச்சல் தொட்டிக்குக் கிட்டப் போனான். நான் பாய்ந்து பிடித்ததில் அவனின் சட்டை கிழிந்துவிட்டது. மேடம் சிரித்தா. நானும் சிரித்தேன்.

எங்கடை வீட்டுக் கிணற்றுக்கட்டை உயர்த்த நான் சொன்னதற்கு, "எழுதினதுதான் நடக்கும், கட்டு மறிக்குமோ?" என்று கேட்டீங்கள். எங்கடை மகன் அஸ்மத் அந்தக் கிணற்றில் விழுந்து மௌத்தானது அல்லாஹ்வின் நாட்டம்தான், மச்சான். அதில் நான் சபூர் செய்து, பொறுத்துக்கொண்டேன். ஆனால் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும், கைகால் கழுவி உளுச் செய்யத் தண்ணீர் அள்ளிவிட்டு, கிணற்றின் கம்பி வலையை மூடாமல் தொழ ஓடினது நான்தான். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று விட்டேன். மூடுகிற கையை அவன் எனக்குத் தந்திருந்தான். ஒவ்வொரு தொழுகையிலும் அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ருஷ்தாவுக்கு இப்போது மூன்று வயது. முதலில் கட்டை உயர்த்துங்கள், பிறகு அவளை அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். கட்டுக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து ஒரு படம் அனுப்புங்கள். கட்டு அவளின் தலைக்கு மேலே நிற்கவேண்டும்.

மேடம் கூப்பிடுகிறா.

உங்கள் நளீமா