ஆளில்லாத எடை மேடையில் நாற்பத்து நான்கு

அக்கா,

இன்று காலை சரக்குக் கொட்டகையைத் திறந்தபோது எடை மேடை காலியாக இருந்தது. ஆனால் அதன் சிவப்பு எண்கள் நாற்பத்து நான்கு கிலோ என்று காட்டிக்கொண்டிருந்தன. வெளியே ஓடுபாதை பனியில் மூடிக் கிடந்தது. பாகலூர் ரோஜாப் பெட்டிகள் இன்னும் வரவில்லை. ஆனாலும் ரோஜா வாசனை அடித்தது.

நம் விமான நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். யாரிடமும் பேச வாய் வராமல் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறினீர்கள்.

"அம்பத்தி ரெண்டு. மெஷினு சரியா இக்குது, எழுதிக்கோ பாப்பா."

சோதிப்பதற்கான இரும்பு எடைக்கற்கள் அலமாரியிலேயே கிடந்தன. "அத யாரு தூக்கறது, நானே ஏறிட்டுப் போறேன்," என்பீர்கள். தினமும் நீங்கள்தான் எங்கள் எடைக்கல்.

மழைக்காலத்தில் ஐம்பது ஆனது. பிறகு நாற்பத்தெட்டு. "மெஷினு பொய் சொல்லுது," என்றீர்கள். எல்லோரும் நம்பினார்கள். 'குறைவாகக் காட்டுகிறது' என்று தாளில் எழுதி நானே அதன்மேல் ஒட்டினேன். பழுது பார்க்க வந்தவர் கற்களை அடுக்கிப் பார்த்தார்.

"மெஷினு கரெக்டாத்தான் இக்குதும்மா."

"அப்ப நான்தான் ரிப்பேரா?" என்றீர்கள். கொட்டகையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. பெட்டிகளில் லேபிள் ஒட்டக் கையைத் தூக்கும்போது உங்கள் வளையல்கள் முழங்கைவரை சரிவதைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. கூச்சம் விடவில்லை. கடைசியாக நீங்கள் ஏறியபோது நாற்பத்து நான்கு. பிறகு ஆஸ்பத்திரியில், "இத்தன நாளா என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்களாம். ஊத்தங்கரையில் உங்களை அடக்கம் செய்த அன்றும் நான் ஒரு மூலையில்தான் நின்றேன்.

இன்று பூ வண்டி வந்ததும் ஓட்டுநர் கத்தினார். "ஏம்மா, பூ வாடுது. ஜீரோ அமுக்கு."

பொத்தான்மேல் விரலை வைத்தேன். அமுக்க முடியவில்லை. அவருக்கும் கேட்கும்படியே சொன்னேன்: "அக்கா, எறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

எண் லேசாக ஆடியது. பிறகு பூஜ்யம். பெட்டியைத் தூக்கிய ஓட்டுநர் அப்படியே நின்றுவிட்டார்.

குனிந்து இரும்புத் தகட்டைத் தொட்டேன். எங்கும் பனிக்குளிர். இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தச் சூடு இதை எழுதும் கையில் இன்னும் இருக்கிறது, அக்கா.