படகில் தூங்கியவரின் கண்

என் மூத்த மகளுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள்.

ஆண்டவருடைய கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அதனால் நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், கையெழுத்து திருந்திவிட்டதே என்று என்னைப் பாராட்டிவிடாதே. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கழுத்து வலி குறைந்ததா. என் கையைப் பற்றிப் பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான். மூன்று வாரம் பிரஷைத் தொடக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். உன் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. “இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்லிக் கேக்காதவ, ஒரு ஸ்டூல் சொன்னதும் உக்காந்துட்டா” என்று பஸ் டிப்போவில் எல்லா டிரைவர்களிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றாவது புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுத்த அன்று சாயங்காலமே மேசையைத் துடைத்துவிட்டு நான்காவதற்குக் கோடு போட உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். முழங்கால் போட்டால் ஆமென் சொல்வதற்குள் கதையில் வரும் முயலுக்கு என்ன நிறத்தில் சட்டை போடலாம் என்று மனது ஓடிவிடுகிறது, சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது, பதிப்பகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள், நான்காவதை ஒத்துக்கொள்ளட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போயும் போயும் என்னிடம் கேட்கிறாயே. என் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்.

கோயிலில் பீடத்துக்குப் பின்னால் நான் சுவரில் வரைந்த படம் உனக்குத் தெரியும், கைபேசியில் பார்த்தாய். கடல் கொந்தளிக்கிறது, சீஷர்கள் அலறுகிறார்கள், ஏசு ஆண்டவர் மட்டும் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். ஐந்து மாத வேலை. ஜெபம் பண்ணித் திறந்துவைத்தார்கள், எல்லாரும் கை கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் எழுந்தால் எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அலமாரியை இரண்டு தடவை ஒழுங்குபடுத்தினேன். வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் படுகிறது, உள்ளே இறங்கவில்லை. இப்படியே ஒரு வாரம். அப்புறம்தான் அந்த இடது கண் இமையில் நிழல் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. அது போதாதா. கோயில் சாவி என்னிடம்தானே இருக்கிறது, புதன்கிழமை பட்டப்பகலில் யாருக்கும் சொல்லாமல் போய் ஸ்டூல் போட்டு ஏறினேன். இமைக்குக் கீழே வெளிச்சமாக ஒரு மெல்லிய கோடு. அது தூக்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் கொஞ்சம் கறுப்பு. கறுப்பு அதிகமாகிவிட்டது, மறுபடியும் வெள்ளை. சரியாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கலாமென்று ஓரடி பின்னால் வைத்தேன், ஸ்டூலில் நிற்பதே மறந்துபோயிற்று. தரையில் கிடந்தபடி அண்ணாந்து பார்க்கிறேன், அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார்.

ஆமாம் மகளே, உன் அம்மா ஆண்டவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டாள். அதுவும் ஒற்றைக் கண்ணை மட்டும். ஞாயிறு வகுப்பு வாண்டுகள் வரிசையாக நின்று பார்த்துவிட்டு, “ஏசப்பா தூங்குற மாதிரி நடிக்கிறாரு டீச்சர்” என்று ஒரே கூச்சல். போதகர் நல்ல மனுஷன், திட்டவில்லை. “கை ஆறட்டும்மா, இல்லன்னா வேற யாராவது சரி பண்ணட்டும், சாவியக் குடுங்க” என்றார். நான் கொடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், இடது கையால் செய்துவிடலாமா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் தங்கை, நம் ஊமைக்கோட்டான், பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதுமென்று நின்றவள், போதகர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள், முந்தாநாள் மெதுவாகக் கேட்கிறாள், “நான் மூடட்டுமாம்மா, ஒரே கோடுதானே” என்று. ஐந்து மாதமும் எனக்கு நிறம் கலந்து கொடுத்தவள் அவள்தான். ஆனாலும் நான் சாவியைத் தலையணைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவைத்தேன். (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது, அக்காதானே.)

படுத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று தெரிகிறது. உலகத்தையே உண்டாக்கினவர் ஆறு நாளில் கையை எடுத்துவிட்டார், நன்றாயிருக்கிறது என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டார். நான் ஒரு தடவைகூட என் படத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. கையில் வேலை இல்லாவிட்டால் அவர் என்னை மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். படகில் அவர் தூங்குகிறதைச் சகிக்க முடியாமல் எழுப்பினவர்களை ஐந்து மாதம் வரைந்தேன், அதில் ஒரு முகம் என்னுடையது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போதும் பார், சொல்லிக்கொண்டே இந்தக் கட்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், உன் தங்கை கையைத் தட்டிவிடுகிறாள். சரி. ஊமைக்கோட்டான், நீயே போய் மூடிவிட்டு வா. நான் பக்கத்தில் வந்து நிற்க மாட்டேன். இதையும் கடிதத்தில் எழுது, அப்போதுதான் நாளைக்கு நான் பேச்சு மாற முடியாது. அப்புறம் மகளே, அந்தப் பதிப்பகத்தாருக்கு நீ என்ன சொல்ல வேண்டும் என்றால்

அக்கா, அம்மா இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நானும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தூங்கிவிட்டாள். காலை மணி பதினொன்று. இந்த நேரத்தில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கட்டுப் போட்ட கை வயிற்றின்மேல் அப்படியே கிடக்கிறது, அசையவில்லை.

ஆசீர்வாதம் சொல்லாமல் அம்மா கடிதத்தை முடிக்க மாட்டாள், அதனால் அவள் எப்போதும் சொல்வதை நானே எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் கண்மணிபோலக் காக்கட்டும், உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

நிறம் கலந்து வைத்துவிட்டேன். ஆனால் கோயில் சாவி அம்மாவின் தலைக்கு அடியில் இருக்கிறது, எடுத்தால் விழித்துக்கொள்வாள். நான் எடுக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்துகொண்டே இருக்கட்டும், அம்மா தூங்கட்டும்.

இப்படிக்கு,
சொன்னது அம்மா,
எழுதியது உன் தங்கை.