மீன் பெட்டிக்குள் ஒரு ஜோடி பூட்ஸ்

மச்சான்,

இன்று காலை அம்பத்தூர் கம்பெனியில் நம் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மீன் வாடை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பார்த்தவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

உள்ளே ஒரு புது ஜோடி. எடை குறைந்த பனிச்சறுக்கு பூட்ஸ். பனிமலையில் நடந்தே ஏறி, அதே பூட்ஸோடு சறுக்கி இறங்குகிறவர்களுக்கானது. தேறுமா தேறாதா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும், நான் ஒருவனே.

பனியையே பார்க்காத இரண்டு பேரிடம் இந்த வேலையைக் கொடுத்தார்களே என்று எவ்வளவு சிரித்திருப்போம்! முதல் ஜோடியை உச்சி வெயிலில், மாடி குடோனுக்குச் சரக்கு ஏற்றும் சரிவில் போட்டுப் பார்த்து, 'நன்றாக வளைந்து கொடுக்கிறது' என்று எழுதியும் கொடுத்துவிட்டோம். வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கிறது என்பது மறுநாள்தான் உறைத்தது. பூட்ஸைப் பனி அளவுக்குக் குளிரவைத்துப் பார்க்க, நீ நேராக ஆவடி மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியும் ஐஸும் வாங்கி வந்தாய். "மீனே வாங்காம ஊடு நாறுதே" என்று உன் மனைவி உன் காலுறையை வாசலுக்கு வெளியே போட்டது வேறு கதை.

பைக்கில் விழுந்ததிலிருந்து என் முட்டி இறக்கம் தாங்காது. உனக்கோ நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "ஏத்தம் உன்து, எறக்கம் என்து" என்று நீயே பிரித்துவிட்டாய். கணுக்கால் மடங்க, பூட்ஸின் பின்பக்கக் கொக்கியைத் தளர்த்திக்கொண்டு நான் ஏறுவேன். நீ சரக்கு லிஃப்டில் சொகுசாக வந்து மேலே காத்திருப்பாய். இருவருக்கும் ஒரே கால் அளவு. கழற்றித் தந்தால் மாட்டி, கொக்கியை இறுக்கி, முட்டியை மடக்கி இறங்குவாய். பாதியிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

"ஏறசொல்ல பூனை மாரி கீது மச்சான். எறங்கசொல்ல கைவுட்டுரும். வோணாம். எவனோ ஒருத்தன் இத்த நம்பி மலைலேர்ந்து வருவான்டா."

அந்த மூச்சுதான் உன்னைக் கொண்டுபோனது. திருநின்றவூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இளைப்பாற உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

இன்று ஏறினேன். காலில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை, அவ்வளவு லேசு. மேலே போனதும் பழக்கத்தில் உட்கார்ந்து, கழற்றி, பக்கவாட்டில் நீட்டினேன். வாங்க யாருமில்லை. நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை, மச்சான்.

நானே மாட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டடியில் முட்டி மடிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். தளர்வது பூட்ஸா, என் முட்டியா? எத்தனை முறை இறங்கினாலும் பிடிபடவில்லை. சொல்லித் தொலையேன்டா என்று வாய்விட்டே கத்தினேன்.

கீழே மேலாளர் நின்றிருந்தார். "நல்லாத்தானே இருக்கு? ஓகேன்னு போடுங்க சார், லோடு நிக்குது" என்றார்.

பேனாவை எடுத்தேன். நீ பார்த்தே இராத அந்த எவனோ ஒருத்தனை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அவன் இப்போது என் தலைமேல் இருக்கிறான். எழுதிக் கொடுத்துவிட்டேன்:

ஏற்றம், நன்று. இறக்கம், பார்க்க ஆள் இல்லை.